மணல் குவியல் உயராமல் பரவிக்கொண்டே போனால்

3 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் 5 கன மீட்டர் உலர் மணலைக் குவிக்க வேண்டியிருந்தது. எவ்வளவு கொட்டியும் உச்சி ஒரு மீட்டரைத் தாண்டவில்லை. மேலே விழுந்ததெல்லாம் சரிந்து வட்டத்துக்கு வெளியே ஓடியது.

காரணம் உராய்வு. சரிவு ஏறக்குறைய 34 பாகையைத் தாண்டியதும், மணிகளைக் கீழே இழுக்கும் விசை உராய்வை மிஞ்சிவிடும். ஆகவே உயரம் என்பது அடி ஆரத்தை 0.67-ஆல் பெருக்கிய அளவுதான். ஆரம் 1.5 மீட்டர் என்றால் உயரம் 1 மீட்டர், கொள்வது 2.4 கன மீட்டர். தடுப்பில்லாமல் இன்னும் உயர வேண்டுமானால் அடி அகல வேண்டும், வேறு வழியில்லை. மண்வெட்டியால் தட்டி நிமிர்த்துவது வீண் உழைப்பு.

நீர் தெளித்தால் மணிகளுக்கிடையே ஈரம் பிடித்துச் செங்குத்தாகவே நிற்கும். காய்ந்ததும் சட்டென்று சரியும். அதை நம்பவே கூடாது.

விளிம்பைச் சுற்றி 40 செ.மீ. தடுப்பு வைத்ததும் சரியானது. தடுப்புக்குள் 2.8, மேலே கூம்பில் 2.4, மொத்தம் 5.2 கன மீட்டர். மெல்லிய பலகை முதலில் வெளிப்பக்கம் புடைத்தது, 50 செ.மீ.க்கு ஒரு முளை அடித்த பிறகு அசையவில்லை.

மணலை மேலிருந்தே எடுங்கள். அடியில் தோண்டினால் மேலுள்ள சரிவு முழுவதும் காலடியில் இறங்கும்.