பிள்ளையின் கம்பஸ் கட்டணத்துக்கு ஈ.பி.எப். பணம்: எடுக்கும் வழியும் வரியும்

மகளின் தனியார் கம்பஸ் கட்டணத்துக்கு மனைவியின் ஈ.பி.எப். (இலங்கையின் ஊழியர் சேமலாப நிதி) பணத்தை எடுத்தோம். அதே யோசனையில் இருப்பவர்களுக்காக, செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. உங்களால் எடுக்க முடியுமா?

ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதானால் முழுத்தொகையையும் கேட்கலாம். அதற்கு முன்பே 30 வீதம் எடுக்கும் வசதி 2012 திருத்தச் சட்டத்தில் வந்தது. ஆனால் அது வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் மட்டும், படிப்புக்கு இல்லை. வீடு திருத்துவதாக எழுதிக் கொடுத்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த வயதை இன்னும் எட்டாதவர்களுக்கு ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) உண்டு: வேலையை விட்டவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதை எடுக்கலாம்.

2. பெயரைச் சரிபாருங்கள்

நாங்கள் இழுபட்டது இங்கேதான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயர் தனியாக, அடையாள அட்டையில் அது முன்னால், கம்பனிக் கோப்பில் கல்யாணத்துக்குப் பிறகு என் முதலெழுத்து. தமிழ்ப் பெயர்களுக்கு இது சர்வசாதாரணம். மூன்றும் ஒருவரே என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, கம்பனியிடமும் ஒரு கடிதம் வாங்கிய பிறகுதான் விண்ணப்பம் நகர்ந்தது. வங்கிக் கணக்கின் பெயரையும் அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். விண்ணப்பத்தைக் கொடுக்க நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்குப் போகுமுன் இதையெல்லாம் முடித்துவிடுங்கள்.

3. எடுக்கும்போது வரி

ஓய்வுக்காலத் தொகைகளுக்குத் தனி வீதம்: முதல் ஒரு கோடி ரூபாவுக்கு வரியில்லை, அடுத்த ஒரு கோடிக்கு 6 வீதம், மிச்சத்துக்கு 12 வீதம். நம்மில் பலருக்கு இந்தக் கட்டத்தில் கவலையில்லை.

4. எடுத்த பிறகு வரி

பலரும் கவனிக்காதது இதுதான். கட்டணத்தை செமஸ்டர் செமஸ்டராகத்தான் கட்டுவோம், அதுவரை பணம் நிலையான வைப்பில் இருக்கும். 2025 ஏப்ரல் முதல் வங்கி வட்டியில் 10 வீதம் பிடிக்கிறது. பத்து இலட்சத்துக்கு 8 வீத வட்டி என்றால் வருடம் 80,000 ரூபா. அதில் 8,000 போய்விடும். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர், ரின் நம்பரோடு (வரி செலுத்துபவர் அடையாள இலக்கம்) வங்கிக்குச் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள்.

அதனால் வைப்பை வேலையை விட்ட மனைவியின் பெயரிலேயே போட்டோம். என் பெயரில் போட்டிருந்தால் வட்டி என் சம்பளத்தோடு சேரும். மேல்படியில் வரி 36 வீதம் வரை போகும். ஒரே வைப்பாகப் போடாமல், கட்டணத் திகதிக்கு முன் முதிரும்படி பிரித்துப் போடுங்கள். இடையில் உடைத்தால் வட்டி குறையும்.

என் அபிப்பிராயம்: இந்த ஈ.பி.எப். பணத்தில் பாதிக்கு மேல் தொடாதீர்கள். பிள்ளைக்கு உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தி இருந்தால், அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடனை முதலில் முயன்று பாருங்கள்.

பிற்சேர்க்கை: பல கம்பனிகளில் வேலை செய்தவர்கள், தாங்கள் எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு கம்பனியிலும் அங்கத்துவ இலக்கம் வேறு. பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எல்லா இலக்கங்களையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். விட்டுப்போன கணக்கின் பணம் தானாக வராது.