ஜெராக்ஸ் படத்தை ஜெல் பிளேட் வழியாகத் தாளில் எடுக்கும் முறை

ஜெல் பிளேட் என்பது வண்ணம் உருட்டி அச்செடுக்கப் பயன்படும் மென்மையான ஜெல்லிப் பலகை. ஜெராக்ஸ் தாளில் உள்ள மை ஜெல் பிளேட்டில் இறங்கி, அங்கிருந்து புதுத் தாளுக்குப் போகிறது என்றுதான் முதன்முறை பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். மை எங்கும் போவதில்லை. கறுப்பு முழுவதும் ஜெராக்ஸ் தாளிலேயே இருக்கும். புதுத் தாளில் தெரியும் படம் நீங்கள் பிளேட்டில் உருட்டிய அக்ரிலிக் வண்ணத்தால் ஆனது.

டோனர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் தூள். மெஷின் அதைச் சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்டிவிடுகிறது. அக்ரிலிக் ஈரமாக இருக்கும்போது தண்ணீர்ப் பொருள். வெற்றுத் தாள் அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், டோனர் படிந்த இடம் பிடிக்காது. வண்ணம் உருட்டிய பிளேட்டின் மேல் ஜெராக்ஸைக் கவிழ்த்து அழுத்தி எடுத்தால், வெள்ளைப் பகுதிக்கு நேராக இருந்த வண்ணம் தாளோடு வந்துவிடும். கறுப்புக்கு நேராக இருந்தது பிளேட்டிலேயே தங்கும். அப்படித் தங்கியதுதான் படம். அது காய்ந்த பிறகு மேலே இன்னொரு வண்ணத்தை உருட்டி, அதைப் பசையாக வைத்துப் புதுத் தாளில் தூக்கி எடுக்கிறோம். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், பின்னால் எது பிசகினாலும் காரணம் தானாகவே பிடிபடும்.

இன்க்ஜெட் பிரின்ட் ஏன் உதவாது என்பதும் இதிலிருந்தே தெரியும். அந்த மை பெரும்பாலும் தண்ணீரில் கரைந்த சாயம். தாளுக்குள் ஊறிவிடும், மேலே தடுப்பாக நிற்காது. வண்ணம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தாளோடு வந்துவிடும். பிரின்ட் எந்த வகை என்று தெரியாவிட்டால் ஈர விரலால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். கலைந்தால் அது பெரும்பாலும் இன்க்ஜெட்.

படமும் பிரதியும்

தெருமுனை ஜெராக்ஸ் கடையே போதும். அங்கே போடுகிற 70, 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) சாதாரணத் தாள்தான் இந்த வேலைக்குச் சரியானது, நன்றாக உறிஞ்சும். 'நல்ல தாளில்' எடுத்துத் தருகிறேன் என்று வழவழப்பான தடித்த தாளைப் போட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பூச்சுள்ள தாள் உறிஞ்சாது, வெள்ளைப் பகுதியின் வண்ணமும் பிளேட்டிலேயே நின்றுவிடும்.

படத்தைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் போனிலேயே கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்டை நன்றாக ஏற்றிவிடுங்கள். கண்ணுக்கு இது கொஞ்சம் அதிகம் என்று தோன்றும் அளவுக்கு ஏற்றலாம். லேசர் மெஷின் சாம்பல் நிறத்தைப் புள்ளிகளாகத்தான் போடும். மிகச் சிறிய புள்ளிகள் வண்ணத்தைத் தடுக்காமல் போய்விடும், நெருக்கமான புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து முழுக் கறுப்பாகிவிடும். அதனால் மென்மையான நிழல்களை நம்பி இருக்கும் படம் இங்கே பாதியாகத்தான் வரும். ஒருபக்க வெளிச்சத்தில் எடுத்த முகம், கோபுரச் சிற்பம், இலை நரம்பு, பழைய மரச்செதுக்குப் படம், கையெழுத்து ஆகியவை அருமையாக வரும். பின்னணி வெள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது.

எழுத்துள்ள படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டாம். பிளேட்டில் ஒருமுறை இடவலம் மாறும், தாளில் எடுக்கும்போது மறுபடி மாறி நேராகிவிடும்.

ஒரே படத்தை ஐந்தாறு பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்திய தாளின் வெள்ளைப் பகுதியில் வண்ணம் காய்ந்து அடைத்திருக்கும், இரண்டாம் முறை ஒழுங்காக உறிஞ்சாது. டோனரும் மெஷினுக்கு மெஷின் வேறுபடும். டோனரைச் சேமிக்கும் அமைப்பில் ஓடும் மெஷினும், பெரிய கறுப்புப் பரப்பில் நடுவே வெளுத்துப் போகும் பழைய மெஷினும் தடுப்பைச் சரியாகத் தராது. இரண்டு கடைகளில் ஒவ்வொரு தாள் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது வீண்வேலை இல்லை.

பத்திரிகைப் படங்களையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். மிதமான பளபளப்புள்ள உள்பக்கங்கள் நன்றாக வேலை செய்யும். அட்டைப் படங்களின் மேல் வார்னிஷ் பூச்சு இருப்பதால் முழுப் பக்கமுமே வண்ணத்தைத் தள்ளும்; செய்தித்தாள் முழுவதையும் உறிஞ்சும். கையில் கிடைத்த பத்திரிகை எப்படி என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். பழகும்வரை ஜெராக்ஸோடு நிற்பதே நல்லது.

வேண்டிய மற்றவை

ஜெல்லி ஆர்ட்ஸ், ஜெல் பிரஸ் போன்ற பெயர்களில் வரும் பிளேட்டுகளை ஆன்லைனில் வாங்கலாம். முதலில் 5×7 அங்குலம் போதும். பெரிய பிளேட்டில் வண்ணத்தை உருட்டி முடிப்பதற்குள் ஒரு மூலை காய்ந்துவிடும். மென்மையான ரப்பர் ரோலர் ஒன்று, 3 அல்லது 4 அங்குல அகலத்தில். கெட்டியாகவோ நீர்த்தோ போகாத சாதாரண அக்ரிலிக்: படத்துக்குக் கறுப்பு, அடர்நீலம், கரும்பழுப்பு போன்ற அடர்நிறம் ஒன்று, தூக்கி எடுக்க வெள்ளை, தந்த நிறம், வெளிர்மஞ்சள் போன்ற ஒன்று. எடுக்கும் தாள் 120 முதல் 200 ஜிஎஸ்எம் வரை, மேற்பரப்பு வழவழவென்று இருக்கட்டும். சொரசொரப்பான, கையால் செய்த தாளில் பள்ளங்களுக்குப் படம் எட்டாது.

புதுப் பிளேட்டில் எண்ணெய்ப் பசை இருக்கும். சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, நூல் உதிராத துணியால் ஒற்றிக் காயவையுங்கள். கழுவாவிட்டால் வண்ணம் பரவாமல் ஆங்காங்கே வட்ட வட்டமாக விலகும்.

படத்தை இறக்குவது

மின்விசிறியை நிறுத்துங்கள். நம் ஊர் வெயிலில் மெல்லிய அக்ரிலிக் அரை நிமிடத்துக்குள் காயத் தொடங்கிவிடும், விசிறி ஓடினால் அதைவிடச் சீக்கிரம். ஜெராக்ஸ் பிரதியைப் படப்பக்கம் கீழே பார்க்கும்படி கைக்கெட்டும் இடத்தில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். படம் பிளேட்டைவிடச் சிறிதாகவும், தாள் பிளேட்டைவிடப் பெரிதாகவும் இருக்கட்டும். வெளியே நீளும் ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

5×7 பிளேட்டுக்கு அடர்வண்ணம் அரை முதல் முக்கால் மி.லி. போதும், மிளகளவு ஐந்தாறு சொட்டுகள். அவற்றைப் பிளேட்டில் பரவலாக வைத்து, ரோலரை நீளவாக்கிலும் குறுக்கிலும் ஓட்டுங்கள். ரோலரில் வண்ணம் மிஞ்சினால் பழைய தாளில் உருட்டித் துடைத்துவிட்டு மறுபடி பிளேட்டில் ஓட்டி, மிகுதியை எடுங்கள். பிளேட்டின் அடியில் இருப்பது லேசாகத் தெரியும் அளவுக்குப் படலம் மெலிய வேண்டும். காதும் உதவும்: வண்ணம் அதிகமாக இருந்தால் ரோலர் சப்புச் சப்பென்று ஒட்டி ஒலிக்கும், சரியான அளவில் அந்த ஒலி மெலிந்து ஒரே சீரான சீறலாகிவிடும்.

உடனே ஜெராக்ஸைக் கவிழ்த்து வையுங்கள். வைத்த பிறகு நகர்த்தக்கூடாது, படம் இரட்டையாகிவிடும். உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒருமுறை சீராகத் தடவுங்கள். நகமோ விரல்நுனியோ வேண்டாம், அழுத்திய இடமெல்லாம் தடமாகப் பதியும். எட்டு முதல் பதினைந்து நொடிக்குள் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் தூக்குங்கள். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும்.

இப்போது பிளேட்டில் படம் அடர்நிறத்தில் தெரிய வேண்டும், வெள்ளைப் பகுதிகள் ஏறக்குறையச் சுத்தமாக இருக்க வேண்டும். மெல்லிய படிவு கொஞ்சம் இருப்பது குறையில்லை, பழைய புகைப்படம் போன்ற அழகைத் தருவது அதுதான். படம் திருப்தி இல்லையென்றால் இங்கேயே துடைத்துவிட்டுப் புதிய பிரதியோடு திரும்பத் தொடங்குங்கள். இன்னொரு தாளை வைத்து 'கொஞ்சம் சுத்தம்' செய்யப் பார்த்தால், தங்கவேண்டிய கறுப்பும் சேர்ந்து போய்விடும்.

காயவைப்பதும் தூக்குவதும்

படம் முழுவதும் காய வேண்டும். இப்போது விசிறியைப் போடலாம். வெயில் நாளில் ஐந்து பத்து நிமிடம், மழைக்காலத்தில் அரைமணி நேரமும் ஆகலாம். சாய்வாகப் பார்க்கும்போது ஈர மினுமினுப்பு எங்கும் இருக்கக்கூடாது.

விசிறியை மறுபடி நிறுத்திவிட்டு, வெளிர்வண்ணத்தை இந்த முறை ஒன்று முதல் ஒன்றரை மி.லி. எடுங்கள். பிளேட்டில் நேரடியாகச் சொட்டு வைக்காமல், ஒரு கண்ணாடித் துண்டிலோ பழைய பிளாஸ்டிக் தட்டிலோ ரோலரில் சீராக ஏற்றிக்கொண்டு, படத்தின்மேல் ஒருதரம், அதிகம் போனால் இருதரம் மட்டும் ஓட்டுங்கள். முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டே இருந்தால் மெல்லிய படம் ரோலரில் ஒட்டி உரியும். இந்தப் படலம் ஈரமாக இருக்கும்போதே எடுக்கும் தாளை வைத்து, உள்ளங்கையால் மூலைமுடுக்கெல்லாம் அழுத்துங்கள். மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்துப் பத்து முதல் இருபது நிமிடம் விட்டுவிடுங்கள்.

அவசரப்படுகிறவர்கள் படத்தைக் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். வெளிர்வண்ணம் தாளையும் காய்ந்த படத்தையும் சேர்த்துப் பிடிக்க நேரம் வேண்டும். ஒரு மூலையை மட்டும் மெல்லத் தூக்கிப் பாருங்கள். பிளேட்டில் வண்ணம் மிஞ்சினால் திரும்பப் படியவைத்து இன்னும் ஐந்து நிமிடம் காத்திருங்கள். சுத்தமாக எழுந்தால், தாளைத் தாழ்வாகப் பின்னோக்கி மடித்தபடி மெதுவாக உரியுங்கள்.

வெளிர்வண்ணத்துக்குப் பதில் மேட் மீடியத்தை (நிறம் சேர்க்காத, பளபளப்பில்லாத அக்ரிலிக் பசை) உருட்டி எடுத்தால், பழைய புத்தகப் பக்கம், வரைபடம், முன்பே வண்ணமிட்ட தாள் ஆகியவற்றின் மேல் படம் மட்டும் அமரும். அடித்தாளின் நிறம் கறுப்புக்கு இடையே தெரியும்.

பல நிறம் சேர்ப்பது

பிளேட்டில் முதலில் இட்டது தாளில் மேலே வரும், கடைசியில் இட்டது அடியில் போகும். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில் கோடும் நகையும் முதலில், முகமும் ஆடையும் அடுத்து, பின்னணி கடைசியில் என்று தலைகீழாக வேலை நடக்குமே, அதே வரிசைதான் இங்கும். கறுப்புப் படம் காய்ந்ததும், தூரிகையாலோ பஞ்சாலோ உதட்டுக்குச் சிவப்பு, சேலைக்குப் பச்சை என்று மெல்லியதாக ஒற்றுங்கள். கோட்டுக்கு வெளியே போகாமல் இருந்தால் போதும், கோட்டின் மேல் படுவதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது கறுப்புக்குப் பின்னால் மறைந்துவிடும். நிறங்களும் காய்ந்த பிறகு வெள்ளை உருட்டித் தூக்குங்கள். வெள்ளை அடியில் இருப்பதால் நிறங்கள் தூக்கலாகத் தெரியும்.

பிசகும் இடங்கள்

பிளேட் முழுக்கக் கறுப்பாகவே நிற்கிறது, படமே பிரியவில்லை என்றால் வண்ணம் தடித்திருக்கிறது, அல்லது தாள் உறிஞ்சாத வகை. எல்லாமே தாளோடு வந்து பிளேட் காலியாகிவிட்டால் பிரின்ட் இன்க்ஜெட்டாக இருக்கலாம், டோனர் மெலிந்திருக்கலாம், அல்லது அதிக நேரம் அழுத்திவிட்டீர்கள். நடுவில் படம் நன்றாக இருந்து ஓரங்கள் மட்டும் திட்டுத்திட்டாக வந்தால் ஓரம் முன்னதாகவே காய்ந்துவிட்டது. சிறிய படத்துக்கு மாறுங்கள், அல்லது ஒரு டீஸ்பூன் வண்ணத்தில் இரண்டு மூன்று துளி அக்ரிலிக் ரிடார்டர் (வண்ணம் காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் கலந்தால் படம் காயவே நேரமாகும்.

ஜெராக்ஸ் தாள் பிளேட்டில் ஒட்டிக் கிழிந்துவிட்டால் பிய்க்காதீர்கள். ஈரத் துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டு விரலால் உருட்டி எடுங்கள். கடைசிப் பிரதியில் படம் உடைந்து உடைந்து வந்தால் வெளிர்வண்ணம் போதவில்லை, அல்லது தாளை வைப்பதற்குள் அது காய்ந்துவிட்டது. பிளேட்டில் மிஞ்சிய துண்டுகளை வீணாக்க வேண்டாம். இன்னொருமுறை மெல்லிய வண்ணம் உருட்டி வேறு தாளில் எடுங்கள். அந்த இரண்டாம் பிரதி சில சமயம் முதலாவதைவிட நன்றாக இருக்கும்.

வீட்டிலேயே பிளேட்

கடைப் பிளேட்டின் விலை கட்டுப்படியாகாதவர்கள் ஜெலட்டினில் செய்துகொள்ளலாம். சுமார் 20×23 செ.மீ. தட்டுக்கு: சுவையூட்டாத ஜெலட்டின் தூள் 60 கிராம், கிளிசரின் 350 மி.லி., தண்ணீர் 350 மி.லி. கிளிசரினில் ஜெலட்டினைக் கட்டியில்லாமல் கலக்கி, தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி அதில் ஊற்றுங்கள். முழுவதும் கரையும்வரை சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மெதுவாகக் கிளறுங்கள். கலவையைக் கொதிக்கவிடக்கூடாது, ஜெலட்டினின் இறுகும் தன்மை குறையும். அடித்துக் கலக்கினால் நுரை வரும். அடிப்பாகம் மட்டமான தட்டில் ஊற்றி, மேலே நிற்கும் குமிழிகளைத் தாள் துண்டின் விளிம்பால் ஓரத்துக்கு ஒதுக்கி, ஆடாமல் இரவு முழுக்க விடுங்கள். தட்டின் அடியைத் தொட்டிருந்த பக்கம்தான் மட்டமாக இருக்கும். கவிழ்த்து அந்தப் பக்கத்தில் அச்செடுங்கள்.

ஜெலட்டின் விலங்கு எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. அதைத் தொட விரும்பாதவர்களுக்குக் கனிம எண்ணெய் சார்ந்த கடைப் பிளேட்டே வழி; கடல்பாசி அகரில் செய்தால் தாளை உரிக்கும்போது நொறுங்கிவிடும். வீட்டுப் பிளேட் சித்திரை வெயிலில் இளகும், ஈரக்காற்றில் கிளிசரின் நீரை இழுத்து மேற்பரப்பு வியர்க்கும். வியர்த்தால் துணியால் ஒற்றிவிட்டு வண்ணம் உருட்டுங்கள். கீறல் விழுந்து பாழானால் துண்டுகளாக வெட்டி, சுடுநீர்ப் பாத்திரத்தில் உருக்கி மறுபடி ஊற்றிக்கொள்ளலாம்.

எந்தப் பிளேட்டானாலும் காய்ந்த வண்ணத்தைக் கத்தியால் சுரண்டாதீர்கள். குழந்தைகளுக்கான எண்ணெய் சில துளி தடவி இரண்டு நிமிடம் விட்டுத் துடைத்தால் வந்துவிடும். கடைப் பிளேட்டாக இருந்தால் அதன்பின் சோப்புத் தண்ணீரில் எண்ணெயைப் போக்குங்கள், வீட்டுப் பிளேட்டை ஊறவிடாமல் சோப்பு நனைத்த துணியால் துடைத்தால் போதும். நிறக்கறை இருந்தால் இருக்கட்டும், அச்சுக்கு அது இடைஞ்சல் இல்லை. இரு பக்கமும் மட்டமான பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டி, படுக்கைவாட்டில், மேலே எடை வைக்காமல் பத்திரப்படுத்துங்கள். அச்சிட்ட தாள் அல்லது செய்தித்தாளில் சுற்றினால் அதன் எழுத்து பிளேட்டில் பதிந்துவிடும்.