ஜி6பிடி குறைவுள்ள பிள்ளையை வீட்டில் கவனிப்பது எப்படி?

என் மகனுக்கு ஜி6பிடி குறைவு. எங்கள் களுவாஞ்சிகுடிப் பக்கம் இதே குறைவுள்ள பிள்ளைகளின் தாய்மார் என்னைக் கண்டதும் கேட்பது, "அக்கா, என்ன சாப்பாடு குடுக்கக்கூடாது?" என்றுதான். சாப்பாட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் மருந்தைக் கவனியுங்கள்.

இரத்தத்திலுள்ள செங்குழியங்கள் உடையாமல் காக்கும் நொதியம் ஜி6பிடி. அதற்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆண்பிள்ளைக்கு ஒரே ஒரு எக்ஸ், அது தாயிடமிருந்து வருவது. அதனால் ஆண்பிள்ளைகளில்தான் இது கூடுதல். இதைச் சொல்லித் தாயைக் குறை கூறுவது அநியாயம். உலகில் கோடிக்கணக்கானோருக்கு இது உண்டு. பெரும்பாலானோர் சாதாரணமாகவே வாழ்கிறார்கள்.

மலேரியாவுக்கான பிரிமாகுயின், தொழுநோய்க்கான டாப்சோன், சலக்கிருமிக்குக் கொடுக்கும் நைட்ரோபியூரன்டோயின் போன்றவை இந்தக் குறைவுள்ளவர்களின் செங்குழியங்களை உடைக்கும். பிரிமாகுயினை ஆராயும்போதுதான் 1956இல் இந்தக் குறைவையே கண்டுபிடித்தார்கள். கிளினிக் கொப்பியின் மட்டையில் 'ஜி6பிடி குறைவு' என்று சிவப்புப் பேனையால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். இரவோடு இரவாக அம்பாறைக்கு மாற்றி அனுப்பினாலும் அங்குள்ளவர்கள் வாசிக்க வேண்டுமே. பாமசியிலும் முதலில் கொப்பியைக் காட்டிவிட்டுத்தான் மருந்து கேட்க வேண்டும். காய்ச்சலுக்கு வைத்தியர் சொன்ன அளவில் பனடோல் கொடுக்கலாம்.

வீட்டில் நான் பயப்படுவது நப்தலின் உருண்டைக்கு. மூத்த பிள்ளையின் உடுப்பை அலுமாரியிலிருந்து எடுத்துப் பச்சைக் குழந்தைக்கு அப்படியே போடுவது நம் வழக்கம். அந்த உடுப்பில் உருண்டை வாசம் இருந்தால் போடவே வேண்டாம். இந்தக் குறைவுள்ள வீட்டில் அந்த உருண்டையே இருக்கக்கூடாது. குழந்தையின் கைகாலில் மருதோன்றி பூசுவதையும் விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் விலக்க வேண்டியது ஃபாவா அவரை. இங்கே யாரும் பயிரிடுவதில்லை, ஆனால் சவுதி, கட்டாரிலிருந்து வருபவர்கள் கொண்டுவரும் 'ஃபூல்' டின்னில் இருப்பது அதுதான். கௌபி, பயறு, பயற்றங்காய் எல்லாம் என் மகன் சாப்பிடுகிறான்.

காய்ச்சல், கிருமித்தொற்று வந்தாலும் செங்குழியங்கள் உடையலாம். அந்த நாட்களில் பிள்ளையை ஒரு வெள்ளைக் கோப்பையில் சலம் விடச் சொல்லி, வெளிச்சத்தில் பாருங்கள். பிளேன்டீ நிறத்தில் இருந்தால், கண் மஞ்சளாகி உதடு வெளிறினால், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். ஒவ்வாத மருந்து உள்ளே போனால் இது பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் தெரியும். செங்கண்மாரி என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள். இரத்தம் ஏற்ற வேண்டிய நிலைகூட வரலாம்.

இன்னொன்று. செங்குழியங்கள் உடைந்த சமயத்தில் எடுத்த ஜி6பிடி பரிசோதனை சரி என்று வந்தால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள். நொதியம் குறைந்த பழைய செங்குழியங்கள் அழிந்து, நொதியம் கூடிய புதியவை வந்திருக்கும். சுமார் 3 மாதம் கழித்துத் திரும்பச் செய்ய வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.