ஹேண்ட் பேலட் டிரக்: முதல் நாளிலிருந்தே பாதுகாப்பாகக் கையாள்வது எப்படி?

கிடங்கு வேலைக்குப் புதிதாகச் சேர்பவரின் கையில் முதலில் வந்து சேரும் வண்டி பெரும்பாலும் ஹேண்ட் பேலட் டிரக்தான். பேலட் ஜாக் என்றும் சொல்வார்கள். பேலட் எனப்படும் சரக்கு அடுக்கும் தட்டை அடியிலிருந்து தூக்கி நகர்த்தும் கைவண்டி இது. மோட்டார் கிடையாது, சாவி கிடையாது. ஃபோர்க்லிஃப்ட் என்றால் பயிற்சி, உரிமம் என்று கறாராகக் கேட்கிற இடங்களில்கூட, இதை மட்டும் "அதோ நிற்குது, எடுத்துக்கோ" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் கவலை தரும் பழக்கம். கைப்பிடியைச் சில முறை ஆட்டினாலே ஒரு டன் சரக்கு தரையை விட்டு எழும்பிவிடும். அது உருளத் தொடங்கிய பிறகு, நிறுத்துவதற்கு இருப்பது உங்கள் உடம்பு மட்டும்தான். பெரும்பாலான மாடல்களில் பிரேக்கே இருக்காது.

அதனால் இந்தப் பதிவில், தூக்குவதைவிட நிறுத்துவதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் வண்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பேலட்டுக்குள் நுழையும் இரண்டு நீளமான இரும்புக் கரங்கள்தான் ஃபோர்க். அதன் நுனிக்குக் கீழே சின்ன உருளைகள், கைப்பிடி இருக்கும் பக்கம் பெரிய சக்கரங்கள். பெரிய சக்கரங்கள் கைப்பிடியோடு சேர்ந்து திரும்பும். நடுவில் இருப்பது எண்ணெய் அழுத்தத்தால் ஃபோர்க்கைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப். வழக்கமான வண்டியில் ஃபோர்க் முழுதாக இறங்கியிருக்கும்போது தரையிலிருந்து சுமார் 8 செ.மீ. உயரத்திலும், முழுதாகத் தூக்கினால் சுமார் 20 செ.மீ. உயரத்திலும் இருக்கும்.

கைப்பிடியில் ஒரு சிறிய லீவர் இருக்கும். அதற்கு மூன்று நிலைகள். பெரும்பாலான வண்டிகளில் லீவரைக் கீழே தள்ளினால் தூக்கும் நிலை. கைப்பிடியை மேலும் கீழும் ஆட்ட ஆட்ட ஃபோர்க் உயரும். நடுவில் வைத்தால் நகர்த்தும் நிலை. கைப்பிடி லேசாக ஆடும், பம்ப் வேலை செய்யாது. மேலே இழுத்துப் பிடித்தால் இறக்கும் நிலை. விட்டதும் லீவர் நடுவுக்குத் திரும்பிவிட வேண்டும். சரக்கு எதுவும் இல்லாமல் இந்த மூன்றையும் கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள். அவசரத்தில் லீவரைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

வேலை தொடங்கும் முன் ஒரு பார்வை

வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். ஃபோர்க் வளைந்திருக்கிறதா, வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா, பம்புக்குக் கீழே எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சக்கரங்களைக் குனிந்தே பார்க்க வேண்டும். பேலட்டைச் சுற்றும் பிளாஸ்டிக் ஃபிலிமும் அறுந்த ஸ்ட்ராப்பும் உருளையின் அச்சில் சுற்றிக்கொள்ளும். ஆணியும் மரச்சில்லும் சக்கரத்தின் மேற்பரப்பில் குத்திக்கொண்டு நிற்கும். இவை இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், திடீரென்று முரண்டு பிடிக்கும். நீங்கள் கூடுதல் பலம் கொடுத்துத் தள்ள, அடைப்பு விடுபட்டு வண்டி பாய்ந்துவிடும்.

அடுத்து, காலி வண்டியை முழுதாகத் தூக்கி இறக்கிப் பாருங்கள். தூக்கிய பிறகு ஃபோர்க் தானாகக் கீழே வருகிறது என்றால் அந்த வண்டியை எடுக்காதீர்கள். லீவர் நடுநிலைக்குத் திரும்பாமல் சிக்கினாலும் அதேதான்.

காலில் சேஃப்டி ஷூ கட்டாயம். நிறைய காயங்கள் பாதத்திலும் கணுக்காலிலும்தான் நடக்கும் என்பதை இந்த வண்டியின் அமைப்பைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். எல்லா இரும்பும் தரையோடு ஒட்டித்தான் ஓடுகிறது.

எடையைக் கணக்கிடுங்கள்

வண்டியில் ஒரு தகடு இருக்கும். பொதுவாக 2,000 அல்லது 2,500 கிலோ என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு "அப்போ 2 டன் வரைக்கும் தள்ளலாம்" என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அது ஃபோர்க்கும் ஹைட்ராலிக்கும் தாங்கும் எடை. அந்த எடையை ஒரு ஆள் தள்ளி, திருப்பி, நிறுத்த முடியுமா என்பதற்குத் தகட்டில் பதில் இல்லை.

அந்தப் பதிலுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ. தன் வழிகாட்டியில் சொல்வது இது: நல்ல சமதளத் தரை, நன்றாகப் பராமரித்த வண்டி என்றால், சரக்கின் எடையில் குறைந்தது 2% அளவுக்கு விசை தேவைப்படும். 400 கிலோவுக்கு 8 கிலோ விசை. 1,000 கிலோவுக்கு 20 கிலோ. தரை கரடுமுரடாக இருந்தாலோ சக்கரம் தேய்ந்திருந்தாலோ இது பல மடங்கு ஏறும். நகரத் தொடங்கவும் நிறுத்தவும் ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ விசை என்பதை அதே அமைப்பு தன் முந்தைய வழிகாட்டிகளில் வழிகாட்டு அளவாக வைத்திருந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது தொடர்ந்து தள்ள 10 கிலோ, 7 கிலோ. அதாவது, எல்லாமே சரியாக இருக்கும் தரையில்கூட ஒரு டன் சரக்கு என்பது ஒரு ஆளின் எல்லையைத் தொட்டுவிடுகிறது. தகடு அனுமதிக்கும் எடையில் பாதியோ அதற்கும் குறைவோதான் அது.

எடை தெரியவில்லை என்றால் எண்ணிப் பாருங்கள். 25 கிலோ மூட்டை 40 இருந்தால் 1,000 கிலோ. தண்ணீர் போன்ற திரவம் நிறைந்த 200 லிட்டர் டிரம் நான்கு இருந்தால் 800 கிலோவைத் தாண்டும். மரப் பேலட்டின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரவலாகப் புழங்கும் 1,200 × 800 மி.மீ. ஐரோப்பியப் பேலட் ஒன்றே சுமார் 25 கிலோ. கணக்கு எல்லையைத் தாண்டினால் சரக்கை இரண்டாகப் பிரியுங்கள், அல்லது மின்சார வண்டியைக் கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள்.

ஃபோர்க்கை உள்ளே விடுவது

பேலட்டுக்கு நேராக நின்று, ஃபோர்க் முழுதாக இறங்கிய நிலையில், மெதுவாக உள்ளே தள்ளுங்கள். எடை இரண்டு ஃபோர்க்குக்கும் சமமாக விழ வேண்டும். ஒற்றை ஃபோர்க்கில் எதையும் தூக்கக் கூடாது.

எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்பதில் கவனம் தேவை. பாதியில் நிறுத்தினால் எடை நுனிக்கு வந்துவிடும். அதோடு உருளைகள் பேலட்டின் அடிப்பலகை மேல் உட்கார்ந்துவிட வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் தூக்கினால் உருளை கீழே அழுத்தி, பலகை பெயர்ந்து வரும். ஃபோர்க் பேலட்டைவிட நீளமாக இருந்தால் வேறு பிரச்சினை: மறுபக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் நுனி அடுத்த பேலட்டுக்குள் நுழைந்து அதையும் சேர்த்துத் தூக்கும், அல்லது அங்கே நிற்பவரின் கணுக்காலைத் தாக்கும். உங்கள் பக்கமிருந்து பார்த்தால் இது தெரியாது. எனவே தூக்கும் முன் மறுபக்கம் போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான்கு அடி நடப்பதில் நேரம் ஒன்றும் போய்விடாது.

சரக்கு எப்படி அடுக்கியிருக்கிறது என்பதையும் அப்போதே கவனியுங்கள். கனமானவை அடியில், விளிம்புக்கு வெளியே எதுவும் நீட்டாமல், ஃபிலிமோ ஸ்ட்ராப்போ சுற்றி இருக்க வேண்டும். உடைந்த பேலட் என்றால் சரக்கை வேறு பேலட்டுக்கு மாற்றியபின்தான் நகர்த்த வேண்டும்.

தூக்குவது

பேலட்டின் அடி தரையைத் தொடாத அளவுக்கு, இரண்டு மூன்று செ.மீ. தூக்கினால் போதும். உயரம் கூடக் கூட சரக்கின் எடைமையமும் மேலேறும், திருப்பத்தில் சாயும். அப்புறம் லீவரை நடுநிலைக்குக் கொண்டுவந்துவிட்டு நகர்த்துங்கள்.

நகர்த்துவதும் நிறுத்துவதும்

தள்ளுவதா, இழுப்பதா? நீண்ட தூரம் என்றால் தள்ளுங்கள். உடம்பின் எடையையும் காலின் பலத்தையும் பயன்படுத்தலாம், முதுகு முறுகாது, வண்டி உங்கள் குதிகால் மேல் ஏறாது. கை இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும். சரக்கு உயரமாக இருந்து முன்னால் தெரியவில்லை என்றால் வழிகாட்ட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இழுத்துச் செல்லுங்கள். குறுகிய இடத்தில் திருப்பி நிறுத்துவதற்கும் இழுப்பதே வசதி.

இழுக்கும்போது வண்டிக்கு நேர் முன்னால் நடக்காதீர்கள். ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, போகும் திசையைப் பார்த்து நடங்கள். வண்டி நிற்காமல் வந்தாலும் உங்களைக் கடந்து போகும், உங்கள் மேல் வராது. பின்னோக்கி நடந்தபடி இழுப்பதை ஓரிரு அடிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது வேகத்துக்கு வருவோம். நொடிக்கு 1 மீட்டர் என்பது நிதானமான நடை. அந்த வேகத்தில் வரும் 1,000 கிலோவை 1 மீட்டர் தூரத்துக்குள் நிறுத்த சுமார் 50 கிலோ விசை வேண்டும். அதில் ஒரு பகுதியைத் தரை உராய்வு கொடுத்துவிடும், மீதி உங்கள் கையும் முதுகும் கொடுக்க வேண்டியது. வேகத்தை இரட்டிப்பாக்கினால், அதே விசையில் நிறுத்தும் தூரம் நான்கு மடங்காகும். வேகமாக நடப்பதற்கும் ஓடுவதற்கும் இந்த வண்டியில் இடமே இல்லை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். நிற்க வேண்டிய இடத்துக்குச் சில மீட்டர் முன்பே தள்ளுவதை விட்டுவிடுங்கள். வண்டி தானாகத் தளரும். கடைசியில் லேசாகப் பிடித்தால் போதும்.

கை மீறிப் போகிறது என்றால்? இறக்கும் லீவரை இழுங்கள். பேலட் தரையில் உட்கார்ந்து நிற்கும். ஆனால் மேலே அடுக்கியவை முன்பக்கம் சரியலாம், எனவே இது ஆபத்து வேளைக்கு மட்டும். வண்டிக்கு முன்னால் பாய்ந்து காலாலோ உடம்பாலோ தடுக்கவே கூடாது. கத்தி எச்சரித்துவிட்டு விலகுங்கள். சரக்கு உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

திருப்பங்களில் அகலமாக வாருங்கள். இழுக்கும்போது பின்னால் வரும் பேலட் உள்மூலையை ஒட்டி வெட்டிக்கொண்டு வரும். தள்ளும்போது ஃபோர்க் நுனி ஒரு பக்கம் திரும்பினால், உங்கள் பக்கமுள்ள பின்பகுதி எதிர்ப்பக்கம் வீசும். ரேக்குக்கும் கைப்பிடிக்கும் நடுவில் விரல் நசுங்குவது இப்படித்தான். கைப்பிடி வளையத்தின் உள்ளே பிடியுங்கள், வெளிப்பக்கம் விரல் நீட்ட வேண்டாம். கண் மறைக்கும் மூலைகளில் நின்று, குரல் கொடுத்து, பிறகு போங்கள்.

வண்டி மேல் ஏறிச் சறுக்குவது, ஆளை ஏற்றித் தூக்குவது இரண்டும் கூடவே கூடாது.

சரிவு என்றால்

முடிந்தால் வேறு வழியாகப் போங்கள். 20 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவு கண்ணுக்குச் சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் அதில் 1,000 கிலோ சரக்கு நிற்கும்போது கீழ்நோக்கி இழுக்கும் விசை மட்டும் 50 கிலோ. சமதளத்தில் தேவைப்படும் 20 கிலோவும் ஏறும்போது இதோடு சேரும். எந்தத் தனி ஆளுக்கும் இது தாங்காது.

லேசான சரக்கோடு சிறிய சரிவைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் ஒரே விதி: நீங்கள் எப்போதும் சரக்கைவிட மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். ஏறும்போது முன்னால் நின்று இழுங்கள். இறங்கும்போது சரக்கு முன்னே போக, நீங்கள் மேலே நின்று பிடித்தபடி வாருங்கள். பள்ளத்துப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. சரிவில் குறுக்காகத் திருப்ப வேண்டாம், நிறுத்திவிட்டுப் போகவும் வேண்டாம்.

லாரிக்குள் ஏற்றும்போதும் இதே எச்சரிக்கை. லாரியின் சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்கிறதா, லாரிக்கும் மேடைக்கும் நடுவில் போடும் இணைப்புத் தகடு உறுதியாக உட்கார்ந்திருக்கிறதா, சரக்கோடு வண்டியின் எடையும் உங்கள் எடையும் சேர்த்துத் தாங்குமா என்று பார்த்த பிறகே ஏறுங்கள். காலி வண்டியே 60 முதல் 80 கிலோ வரை இருக்கும்.

இறக்கி வைப்பது

சமதளத்தில் முழுதாக நின்ற பிறகு, பேலட்டுக்கு அடியிலும் பக்கத்திலும் யாருடைய காலும் இல்லை என்று பார்த்துவிட்டு லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். சட்டென்று விட்டால் அடுக்கு குலுங்கும். ஃபோர்க் பேலட்டை விட்டு விடுபட்ட பிறகே, நேராகப் பின்னால் இழுத்து எடுங்கள்.

வேலை முடிந்ததும் ஃபோர்க்கை முழுதாக இறக்கி, நுனியைச் சுவர்ப் பக்கம் திருப்பி அல்லது காலி பேலட்டுக்குள் விட்டு நிறுத்துங்கள். நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபோர்க் யாரையாவது இடறி விழவைக்கும். அவசர வழி, தீயணைப்புக் கருவி, மின்பலகை ஆகியவற்றின் முன்னால் ஒருபோதும் வேண்டாம்.

வேலை நடுவில் ஏதாவது கோளாறு தெரிந்திருந்தால், ஃபோர்க் மெல்ல இறங்கியது, சக்கரம் கீச்சிட்டது என்று எதுவானாலும், வாயால் சொல்லி விட்டுவிடாமல் "பயன்படுத்த வேண்டாம்" என்று எழுதி வண்டியிலேயே கட்டி, தனியாக ஒதுக்கி வைத்து சூப்பர்வைசரிடம் தெரிவியுங்கள். அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு நீங்கள் பார்த்தது தெரியாது.