வெள்ளை வீட்டுக்குக் கருநீலம் பூசும்போது எங்கே தவறுகிறோம்?

டெக்சாஸில் டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோ, ப்ராஸ்பர் பக்கம் ஒரு மாலை காரில் சுற்றினால், புதிய தெருக்களில் இந்த வீடுகள்தான் கண்ணில் படும். வெள்ளைச் சுவர். செங்குத்தாக ஓடும் பலகைகள், அவற்றின் இணைப்பை மூடும் மெல்லிய பட்டைகள். கூரான முக்கோண முகப்பு, கறுப்பு ஜன்னல் சட்டங்கள், முன்னால் மரத்தூண் வைத்த போர்ச். மாடர்ன் ஃபார்ம்ஹவுஸ் என்று பெயர். வேக்கோ நகரத்துச் சிப், ஜோயன்னா கெய்ன்ஸ் தம்பதி 2013 முதல் எச்ஜிடிவி தொலைக்காட்சியில் பழைய வீடுகளைப் புதுப்பித்துக் காட்டியதில் இந்தப் பாணி அமெரிக்கா முழுக்கப் பரவியது. இங்கே வீடு வாங்கும் நம்மவர்களில் பலரும் இப்படியொரு வீட்டில்தான் பால் காய்ச்சுகிறோம்.

குடிவந்து ஓரிரண்டு வருஷத்தில், வெள்ளையும் கறுப்புமாக வீடு வெறிச்சென்று இருப்பதாகத் தோன்றும். உடனே மனதில் வருவது நேவி ப்ளூ. ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயிண்ட் நிறுவனம் ‘நேவல்’ என்ற கருநீலத்தை 2020-ஆம் ஆண்டின் நிறமாக அறிவித்த பிறகு கேட்கவே வேண்டாம்.

எனக்கும் மிகப் பிடித்த நிறம் இது. நம் மொழியில் இதற்குக் கருநீலம் என்று பெயர். விஷயமெல்லாம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. வெளிச்சம் கிடைத்தால் நீலம், கிடைக்காவிட்டால் கறுப்பு. இதை மறந்துவிட்டுத்தான் பெரும்பாலான தவறுகளைச் செய்கிறோம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு நிறம் தன்மேல் விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதைச் சொல்ல எல்ஆர்வி என்று ஓர் எண் உண்டு. முழுக் கறுப்புக்கு 0, தூய வெள்ளைக்கு 100. ஃபார்ம்ஹவுஸ் சுவர்களில் அதிகம் பார்க்கும் அலபாஸ்டர் வெள்ளைக்கு 82. நேவலுக்கு 4. அதே நிறுவனத்தின் அசல் கறுப்பான ட்ரைகார்ன் பிளாக்குக்கு 3. கருநீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு புள்ளி. வடக்குப் பார்த்த வாசல், எட்டடி ஆழ போர்ச், அதன் நிழலுக்குள் கதவு என்றால் அந்த ஒரு புள்ளியும் போய்விடும். கதவு கறுப்பாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட வாசலுக்கு நீலம் இன்னும் கொஞ்சம் தூக்கலாக, ஒரு படி வெளிர்ந்த நிறமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெற்கோ மேற்கோ பார்த்த வாசலில் பிரச்சினை தலைகீழ். கடையில் அடக்கமாகத் தெரிந்த நிறம் மதிய வெயிலில் பளீரென்று நீலமாகிவிடும். சில கருநீலங்களில் ஊதா எட்டிப் பார்க்கும், சிலவற்றில் பச்சை.

அதனால் கடையில் தரும் விரலளவு அட்டையை நம்பிப் பெயிண்ட் வாங்காதீர்கள். போன் திரையில் தெரியும் நிறத்தை அறவே நம்பாதீர்கள். இரண்டடிக்கு மூன்றடி ஃபோம் போர்டு ஒன்றை எடுத்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளை விட்டு, மாதிரிப் பெயிண்டை இரண்டு கோட் அடியுங்கள். காய்ந்ததும் கதவின் மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். காலை, மதியம், மாலை, அப்புறம் போர்ச் விளக்கு போட்ட பின் ஒரு தடவை. வெளிநிறத்தை எப்போதும் தெருவில் நின்றுதான் முடிவு செய்ய வேண்டும், கதவுக்கு ஒரு அடி தள்ளி நின்று பார்த்தால் அது வீட்டுக்குள் வைக்கும் அலமாரியின் நிறம்போல்தான் படும்.

அடுத்தது, நான் அதிகம் பார்ப்பதும் எனக்கு மிகவும் வருத்தமாக இருப்பதுமான தவறு: கறுப்பு ஜன்னலுக்குப் பக்கத்திலேயே கருநீலத்தைக் கொண்டுபோய் வைப்பது. கறுப்புச் சட்டத்தை ஒட்டிக் கருநீல ஷட்டர், அதாவது ஜன்னலின் இரண்டு பக்கமும் வெளிச்சுவரில் வைக்கும் பலகைக் கதவு, மாட்டினால் கண்ணுக்கு இரண்டு நிறமாகத் தெரியாது. ஏதோ கறுப்பு வாங்கப் போய் ஷேடு மாறி வந்ததுபோல் இருக்கும். கறுப்புச் சட்டை, கருநீலப் பேன்ட் போட்டவரைப் பார்த்ததும் மனதில் வரும் அதே சந்தேகம். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது நான்கு அங்குல வெள்ளைச் சட்டமாவது ஓட வேண்டும். கறுப்பு ஜன்னல், கறுப்பு மழைநீர்க் குழாய், கறுப்பு விளக்கு என்று எல்லாம் ஏற்கெனவே இருக்கும் வீட்டில் கருநீலத்தை முன்கதவோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஜன்னல் மாற்றும் யோசனை இருக்கிறதா? கருநீலம் உங்களுக்கு உயிர் என்றால் வெள்ளை ஜன்னலே போடுங்கள். கருநீலம் நன்றாகத் தெரிவது வெள்ளைக்குப் பக்கத்தில்தான். இது இன்று வந்த வழக்கமும் இல்லை. 1748-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளுக்கு வந்த சீருடையே கருநீலக் கோட்டில் வெள்ளை முகப்பு வைத்ததுதான். நேவி ப்ளூ என்ற பெயரும் அந்தக் கடற்படையிலிருந்து வந்தது.

எவ்வளவு பூசுவது, எங்கே பூசுவது என்பதில் இன்னும் சறுக்கல்கள் உண்டு. கராஜ் கதவு அதில் முதலாவது. இரண்டு கார் கராஜ் கதவு வழக்கமாக 16 அடி அகலம், 7 அடி உயரம். முன்கதவு மூன்றடி அகலம். இரண்டையும் கருநீலமாக்கினால் வருகிறவர் கண் நேராகக் கராஜுக்குப் போகும், வாசல் ஏதோ பின்கட்டுக் கதவுபோல் ஒடுங்கிவிடும். கராஜைச் சுவரின் வெள்ளையிலேயே கரைத்துவிடுங்கள்.

முகப்பின் முக்கோணத்தை மட்டும் கருநீலமாக்குவது இன்னொன்று. கனமான நிறம் உச்சியில் ஏறினால் வீடு தலைபாரமாகத் தெரியும். அதற்குப் பதில் சற்று உள்ளே தள்ளியிருக்கும் பகுதியை, உதாரணமாகப் போர்ச்சுக்குள் இருக்கும் சுவரை, கருநீலமாக்கலாம். அங்கே நிறம் ஆழத்தைக் கூட்டும். அங்கும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் எந்த இடத்தில் மாறுகிறது என்பதைப் பலரும் யோசிப்பதே இல்லை. வீட்டின் முன்பக்கச் சுவரை நீலமாக்கி, மூலை திரும்பியதும் வெள்ளையாக்கினால், தெருவில் வருகிறவருக்கு அந்த வெளிமூலை அப்பட்டமாகத் தெரியும். சுவருக்கு மெல்லியதாகத் தோல் ஒட்டியதுபோல் இருக்கும். நிறமாற்றம் எப்போதும் உள்மூலையில், ஒரு சுவர் இன்னொன்றில் போய் முட்டும் இடத்தில் நடக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பகுதி தனிக் கட்டடம்போல் உறுதியாக நிற்கும். பலகைகளை வெள்ளையாக விட்டுப் பட்டைகளை மட்டும் நீலமாக்குவதும் வேண்டாம். அந்தப் பட்டைகளின் அழகே அவை போடும் மெல்லிய நிழல்தான். நிறம் பூசினால் நிழல் தெரியாமல் கோடு மட்டும் மிஞ்சும்.

ஷட்டருக்கு ஒரே விதி. இரண்டையும் மூடினால் ஜன்னல் முழுக்க மறைய வேண்டும், அதாவது ஒவ்வொன்றும் ஜன்னலின் பாதி அகலம். ஆறடி அகல இரட்டை ஜன்னலுக்கு ஓரடி ஷட்டர் மாட்டி அதைக் கருநீலமாக்கினால், அந்தப் பொருந்தாமையைக் கோடு போட்டுக் காட்டியதாகிவிடும். பொருந்தவில்லையென்றால் ஷட்டரையே கழற்றிவிடலாம். இந்தப் பாணிக்கு அது கட்டாயமில்லை.

இனி வெயில். டெக்சாஸில் இதுதான் பணத்துக்கு வேட்டு வைக்கும் இடம். திருப்பி அனுப்பாத ஒளியையெல்லாம் கருநீலம் சூடாக உள்ளே வாங்கிக்கொள்ளும். மேற்கு வெயில் படும் கருநீலக் கதவில் ஜூலை மாதம் நாலு மணிக்குக் கை வைக்க முடியாது. வெளிச்சுவர்ப் பலகைகளுக்குப் பயன்படும் வினைல் என்ற பிளாஸ்டிக் ஏறத்தாழ 160 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 70 டிகிரி செல்சியஸில், இளகத் தொடங்கும். வெளிர்நிறத்தில் வாங்கிய வினைல் பலகைமேல் சாதாரணக் கருநீலப் பெயிண்டை அடித்தால் அது நெளிந்துபோக வாய்ப்பு அதிகம். வினைலுக்கென்றே வெப்பத்தைக் குறைத்து வாங்கும் நிறக்கலவைகள் வருகின்றன, அதைக் கேட்டு வாங்க வேண்டும். எதிர்வீட்டு ஜன்னலையும் ஒரு பார்வை பாருங்கள். இந்தக் காலத்துக் கண்ணாடிகள் வெயிலைத் திருப்பி அடிக்கும் பூச்சுள்ளவை, அந்த ஒளி குவிந்து உங்கள் வினைலில் விழுந்தால் சூடு இன்னும் ஏறும். ஃபைபர் சிமென்ட் பலகைக்கு இந்த நெளிவுப் பயம் கிடையாது. ஆலையிலேயே கருநீலம் பூசியும் அது கிடைக்கிறது.

அதேபோல் முன்கதவுக்கு வெளியே கண்ணாடிப் புயல்கதவு போட்டிருந்தால் கருநீலம் பூசுமுன் இரண்டு தரம் யோசியுங்கள். இரண்டு கதவுக்கும் நடுவே அடைபடும் காற்று அடுப்புபோலச் சுடும். தெரிந்த அக்கா ஒருவர் வீட்டில் கதவுக் கண்ணாடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டம் ஒரே கோடையில் அலைபோல் வளைந்துவிட்டது. கதவின் வாரன்டிப் படிவத்தை எடுத்துப் பார்த்தால், புயல்கதவுக்குப் பின்னால் அடர்நிறம் பூசக்கூடாது என்று சின்ன எழுத்தில் இருந்தது. பூசுவதற்கு முன்னால் படிக்க வேண்டிய காகிதம் அது.

பெயிண்ட் வேலையிலும் கருநீலம் வெள்ளையைப்போல் நடந்துகொள்ளாது. வெள்ளைப் பெயிண்ட் அடியில் இருப்பதை மூடுவது அதிலிருக்கும் டைட்டானியம் டையாக்சைடால். அடர்நிறத்துக்கு எடுக்கும் ‘டீப் பேஸ்’ டப்பாவில் அது மிகக் குறைவு, நிறச்சாயம்தான் அதிகம். அதனால் வெள்ளைமேல் நேராகக் கருநீலம் அடித்தால் நாலு கோட் போட்டும் தூரிகைத் தடம் தெரியும். சாம்பல்நிற ப்ரைமர் ஒரு கோட், அதன்மேல் கருநீலம் இரண்டு கோட் என்றால் நன்றாக மூடிவிடும். கடையில் ப்ரைமரைச் சாம்பலாகக் கலந்து தரச் சொன்னால் தருவார்கள். பளபளப்பைப் பொறுத்தவரை கதவுக்கு சாட்டின் அல்லது செமி-கிளாஸ், சுவருக்கு சாட்டின் போதும். அடர்நிறத்தில் மினுமினுப்பு கூடக்கூட ஒவ்வொரு ஆணித் தழும்பும் வெளியே தெரியும்.

எங்கள் வீட்டுக் கதவில் நடந்ததைச் சொல்கிறேன். நவம்பர் மாதம், நல்ல இதமான நாள். இரண்டாவது கோட்டை மாலை நாலு மணிக்கு முடித்தேன். ஐந்தரைக்குள் சூரியன் இறங்கிவிட்டது, இரவு பனி நன்றாகப் பெய்தது. விடிந்து பார்த்தால் கதவு முழுக்கப் பழுப்புநிறக் கோடுகள். காபி டிகாஷன் வழிந்து காய்ந்ததுபோல், தொட்டால் பிசுபிசுவென்று. பெயிண்ட் கெட்டுவிட்டது, சுரண்டி எடுத்து மறுபடி அடிக்க வேண்டும் என்றே நினைத்தேன். விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. நிறச்சாயம் பெயிண்டில் கலந்து நிற்பதற்காகச் சேர்க்கும், நீரில் கரையும் பொருள்கள், படலம் காயுமுன் ஈரம் பட்டால் மேலே வந்து படிந்துவிடுகின்றன. சாயம் அதிகமுள்ள அடர்நிறங்களில்தான் இது பளிச்சென்று தெரியும். வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டு இரண்டு மூன்று தடவை துடைத்ததில் போய்விட்டது. அவசரப்பட்டு மேலே இன்னொரு கோட் அடித்திருந்தால் அந்தப் பிசுக்கு அடியிலேயே மாட்டியிருக்கும். பனிக்காலத்தில் கருநீல வேலையைக் காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் இரண்டுக்குள் முடித்துவிடுங்கள்.

பின்னாளில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுப் பூச வேண்டாம், அடர்நிறத்தில் அது திட்டாகத் தெரியும். கதவின் அந்தச் சதுரத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை முழுசாக அடியுங்கள். மிச்சப் பெயிண்டைக் கராஜ் சூட்டில் வைக்காமல் வீட்டுக்குள் ஒரு கண்ணாடிக் குப்பியில், தேதியும் நிற எண்ணும் எழுதி வையுங்கள்.

கூட வருகிற பொருள்களிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நீலச்சாயல் உள்ள கூசும் வெள்ளையோடு கருநீலம் சேர்ந்தால் வீடு குளிர்ந்துபோய்த் தெரியும். மஞ்சள் தூக்கலான கிரீமோடு சேர்ந்தால் அந்த கிரீம் அழுக்காகத் தெரியும். அலபாஸ்டர்போல் லேசான வெதுவெதுப்பு உள்ள வெள்ளைதான் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தூண்களின் மரநிறம் பழுப்பாக இருக்கட்டும். ஆரஞ்சு அடிக்கும் வார்னிஷ் நீலத்துக்கு எதிர்நிறம், இரண்டும் சேர்ந்து கத்தும். கருநீலக் கதவில் கறுப்புக் கைப்பிடியும் கறுப்பு வீட்டெண்ணும் இரவில் காணாமல் போய்விடும். பித்தளை போடுங்கள், கடற்படைக் கோட்டின் பொன்னிறப் பொத்தான்கள் மாதிரி எடுத்துக் காட்டும். விளக்கு 2700 கெல்வின் மஞ்சள் ஒளி போதும்.

எச்ஓஏ எனும் வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்பில் நிற எண்ணோடு விண்ணப்பித்து எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே தூரிகையைத் தொடுங்கள். 1978-க்கு முன் கட்டிய அசல் பண்ணை வீடு என்றால், பழைய பெயிண்டைச் சுரண்டுவதற்கு முன்னால் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை அமெரிக்கா தடைசெய்தது அந்த வருஷம்தான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது.

நம் வீடுகளுக்கென்றே ஒன்று மிச்சமிருக்கிறது. அக்ரிலிக் பெயிண்ட் தொட்டால் ஒட்டாத அளவுக்குச் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஆனால் உள்ளே இறுகி முழுப்பலம் பெற ஒரு மாதம்வரை ஆகலாம். அதற்குள் பண்டிகை வந்து மாவிலைத் தோரணத்தை டேப் வைத்து ஒட்டினால், எடுக்கும்போது டேப்போடு பெயிண்டும் உரிந்து வரும். பொங்கலுக்குக் கதவு தயாராக வேண்டுமென்றால் நவம்பர் கடைசிக்குள் அடித்து முடியுங்கள், இல்லையென்றால் நிலைக்கு மேலே வெள்ளைச் சட்டத்தில் இரண்டு சின்னக் கொக்கி அடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் கொக்கிதான் அடித்தோம். செண்டுமல்லிச் சரம் அதில் தொங்குகிறது, பின்னால் கதவு நன்றாக நீலமாகத் தெரிகிறது.