“அப்புறம் பார்த்துக்கலாம்”: திருவருட்சாதனங்களில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் ஆச்சி கடைசியாக மருத்துவமனையில் இருந்தது 11 நாள். முதல் எட்டு நாளும் நன்றாகப் பேசினார். மூன்றாம் நாளே பங்குத்தந்தையை அழைப்பது பற்றி அத்தை கேட்டார், “சாமிக்குச் சொல்லி விடட்டுமா?” அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். “இப்பவே சாமி வந்து நின்னா, நம்ம கதை முடிஞ்சுதுன்னு அம்மா பயந்துருவாங்க. அப்புறம் பார்த்துக்கலாம்.”

பங்குத்தந்தை வந்து நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசியபோது ஆச்சிக்கு நினைவில்லை, வாயில் குழாய். ஐம்பது வருஷம் காலைப் பூசை தவறாதவர். கடைசியில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) செய்ய முடியவில்லை, நற்கருணை (கிறிஸ்துவின் உடலாகப் பெறும் அப்பம்) வாங்க முடியவில்லை. அலட்சியத்தால் அப்படி நடக்கவில்லை. பாசத்தால்தான் தள்ளிப்போட்டோம். அதனாலேயே இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதன் பிறகு கவனித்தால், இந்த “அப்புறம்” எங்கள் வீட்டில் மட்டும் இல்லை என்று தெரிகிறது. சரியான நாள் வரட்டும், நான் கொஞ்சம் திருந்தட்டும், மாமா துபாயிலிருந்து வரட்டும் என்று ஒவ்வொரு திருவருட்சாதனத்தையும் (ஞானஸ்நானம், நற்கருணை, திருமணம்போல இறையருளைத் தரும் திருச்சபைச் சடங்குகளை) தள்ளி வைக்கிறோம். நல்ல பிள்ளைக்குக் கிடைக்கும் பரிசுபோல அதை நினைப்பதால் வரும் வினை இது. காயத்துக்குக் கட்டுப்போட வந்தவரிடம், காயம் ஆறிய பிறகு வாருங்கள் என்று யாராவது சொல்வார்களா?

“சாமியைக் கூப்பிட்டா பயந்துருவாங்க”

நோயாளிக்கு எண்ணெய் பூசும் இந்த அருள்சாதனத்துக்கு முன்பு அவஸ்தைப்பூசுதல் என்று பெயர். பெயரே மரணப் படுக்கையைக் காட்டியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல், இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமான அருள்சாதனம் அல்ல, ‘நோயில்பூசுதல்’ என்பதே பொருத்தமான பெயர் என்று சொன்னது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கு முறையையும் அதற்கேற்ப மாற்றினார். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. பெயர் மாறியும் நம் பயம் மாறவில்லை.

நோயினாலோ முதுமையினாலோ ஒருவருடைய உயிருக்கு ஆபத்து தொடங்கும்போதே இதைப் பெறலாம். கடுமையான நோய்க்காகப் பெரிய அறுவை சிகிச்சை செய்யப்போகிறார்கள் என்றால், அதற்கு முந்தின நாளே பெறலாம். தனியாக நோய் எதுவும் இல்லாமல் முதுமையில் மிகவும் தளர்ந்துபோன தாத்தாவும் பெறலாம். ஒருமுறை பெற்றுக் குணமானவர் மறுபடி நோயில் விழுந்தால் மறுபடியும் பெறலாம். அதே நோய் முற்றினாலும் பெறலாம். “ஒரு தடவை பூசியாச்சு, இனிமேல் கிடையாது” என்று பெரியவர்கள் சொல்வது தவறு.

அப்புறம், இதைக் கொடுக்கக் கூடியவர் குருவோ ஆயரோ மட்டும்தான். நற்கருணை எடுத்துவரும் அருட்சகோதரி பூச முடியாது. இறந்தவருக்கும் பூசுவதில்லை, உயிர் இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் இருந்தால் பூசுவார்கள். உண்மையில் கடைசிப் பயணத்துக்கான அருள்சாதனம் நற்கருணைதான். சாகும் வேளையில் அதை வழியுணவாகக் கொடுப்பது திருச்சபையின் பழைய வழக்கம். ஆனால் அதை விழுங்கும் அளவுக்காவது தெம்பு இருக்க வேண்டும். அதனால்தான் முன்கூட்டியே கூப்பிட வேண்டும் என்று இத்தனை சொல்கிறேன்.

எப்படிச் சொல்வது என்று தயங்குபவர்கள், “சாமி உங்களைப் பார்க்க வரேன்னு சொன்னாங்க, செபிச்சுட்டுப் போகட்டுமா?” என்று நோயாளியிடமே கேட்டுவிடலாம். பெரும்பாலும் அவர் நம்மைவிடத் தைரியமாக இருப்பார்.

“மாமா வரட்டும், அப்போ ஞானஸ்நானம் வச்சுக்கலாம்”

குழந்தை பிறந்த முதல் சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம், அதாவது திருமுழுக்கு, கொடுக்கப் பெற்றோர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. நாம் மண்டபம் கிடைக்கும் தேதியைப் பார்த்துக்கொண்டு குழந்தை நடக்கும்வரை காத்திருக்கிறோம். குழந்தை உயிருக்குப் போராடுகிறது என்றால் குருவுக்காகக்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணத்தோடு யார் வேண்டுமானாலும், கிறிஸ்தவர் அல்லாத செவிலியர்கூட, தலையில் தண்ணீர் ஊற்றி, “தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்” என்று சொன்னால் அது முழுமையான திருமுழுக்கு. குழந்தை பிழைத்துவிட்டால் பங்குக்குத் தெரிவித்துப் பதிவு செய்து, மீதிச் சடங்குகளை நடத்தினால் போதும். மறுபடி தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஞானப்பெற்றோர் விஷயத்தில்தான் எனக்கு அதிக வருத்தம். 16 வயது நிறைந்தவராக, உறுதிப்பூசுதலும் (விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் அருள்சாதனம்) நற்கருணையும் பெற்ற கத்தோலிக்கராக, அதற்கேற்ற வாழ்வு வாழ்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. நம் வீடுகளிலோ யார் சங்கிலி போடுவார் என்பதே கேள்வி. 1544-இல் எழுதிய கடிதத்தில் பிரான்சிஸ் சவேரியார், முத்துக்குளித்துறை ஊர்களில் திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துத் தம் கைகள் ஓய்ந்துபோனதாகச் சொல்கிறார். அதே மனிதர்தான் செபங்களை ஆள் வைத்துத் தமிழில் பெயர்த்து, தாமே மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்றுக்கொடுத்தார். தண்ணீர் ஊற்றிய பிறகு தொடங்கும் அந்த வேலை இன்றைக்கு ஞானத்தாயுடையது, ஞானத்தந்தையுடையது. பிறந்தநாளுக்குச் சட்டை எடுத்துக் கொடுங்கள், நல்லதுதான். வருஷத்தில் ஒரு நாளாவது அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செபியுங்கள்.

“அந்தச் சாமிகிட்ட நான் வாங்கமாட்டேன்”

சிலருக்குப் பங்குத்தந்தையோடு மனத்தாங்கல். சிலருக்கு அவர் நடத்தை பிடிக்காது. அந்தக் காயம் உண்மையாகவே இருக்கலாம், நான் அதைச் சிறிதாக்கவில்லை. ஆனால் அவர் தகுதியற்றவர் என்பதால் அவர் கொடுக்கும் அருள்சாதனமும் செல்லாது என்று நினைக்க வேண்டாம். இதே சண்டை வட ஆப்பிரிக்கத் திருச்சபையில் 4-ஆம் நூற்றாண்டிலேயே நடந்தது. பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே, யூதாசு கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே என்று புனித அகுஸ்தினார் அதற்குப் பதில் சொன்னார்.

2020-இல் வத்திக்கான், “நாங்கள் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம்” என்று சொல்லிக் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என்று அறிவித்தது இதனால்தான். கூடியிருக்கும் கூட்டம் கொடுப்பதல்ல அது. குருவின் வாயால் ‘நான்’ என்று பேசுபவர் கிறிஸ்து. அமெரிக்காவில் ஒரு குரு தம் சிறுவயது வீடியோவில் அந்த ‘நாங்கள்’ என்ற சொல்லைக் கேட்டு, திருமுழுக்கு முதல் குருப்பட்டம் வரை எல்லாவற்றையும் புதிதாகப் பெற வேண்டியிருந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. கொடுப்பவர் கிறிஸ்து என்பதால் தாயத்துபோலத் தானாகப் பலித்துவிடும் என்று இருந்துவிடவும் முடியாது. கொடை முழுதாக வருகிறது. அது நம் வாழ்வில் என்ன கனி தரும் என்பது நாம் எந்த மனத்தோடு வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. உறுதிப்பூசுதலோடு மறைக்கல்வி முடிந்தது என்று கோவில் பக்கமே வராமல் போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது இதுதான் நினைவுக்கு வருகிறது.

“தாலி ஏறிடுச்சு, கல்யாணம் முடிஞ்சது”

கெட்டிமேளம் தாலிக்குக் கொட்டுகிறார்கள். திருமணம் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. வலக்கை பிடித்து, “இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும்” என்று இருவரும் ஒருவருக்கொருவர் வாக்களித்தார்களே, அதுதான் திருமணம். நம் லத்தீன் திருச்சபையின் மரபில் இந்த அருள்சாதனத்தை நிறைவேற்றுபவர்கள் மணமக்களே. குரு திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிறார்.

அந்தச் சம்மதம் மிரட்டலிலோ அச்சுறுத்தலிலோ வந்தால் திருமணமே செல்லாது. “முழு மனச் சுதந்திரத்தோடு வந்தீர்களா?” என்று பீடத்தின் முன் கேட்பது ஒப்புக்கு அல்ல. பெண்ணிடம் “சாமி கேட்டா சரின்னு சொல்லிடு” என்று சொல்லி அனுப்பும் பெற்றோர் செய்வது பெரிய பாவம் என்றே நான் நினைக்கிறேன். மூன்று ஞாயிறு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதும், திருமண முன்தயாரிப்பு வகுப்பும் இதற்காகத்தான். சான்றிதழ் வாங்குவதற்காக மட்டும் அங்கே போய் உட்காராதீர்கள்.

“எனக்குத் தகுதியில்லை”

எல்லோரும் எழுந்து போகிறார்களே என்று யோசிக்காமல் நற்கருணை வரிசையில் நிற்பதும் தவறுதான். சாவான பாவம் (தெரிந்தே மனமாரச் செய்த கனமான பாவம்) இருக்கிறது என்று தெரிந்தால் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். ஆனால் எந்தத் தடையும் இல்லாமலே வருஷக்கணக்கில் ஒதுங்கி நிற்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

விவாகரத்து ஆன பெண்கள் பலர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நீதிமன்றத்தில் விவாகரத்து ஆகி, மறுமணம் செய்யாமல் வாழ்பவர் நற்கருணை வாங்க விவாகரத்து ஒரு தடையே இல்லை. இதைத் தெரியாத சொந்தக்காரர்களின் பார்வைதான் அவரைத் தடுக்கிறது. மறுமணம் செய்தவர்களும் தாங்களாகவே ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டு விலகாமல், பங்குத்தந்தையிடமோ மறைமாவட்டத் தீர்ப்பாயத்திலோ பேசிப் பார்க்க வேண்டும். முதல் திருமணம் தொடக்கத்திலேயே செல்லாததா என்று விசாரிக்கும் முறையைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எளிதாக்கினார்.

அடுத்தது, மாதவிலக்கு. அந்த நாள்களில் நற்கருணை வாங்கக் கூடாது என்று அம்மாக்கள் மகள்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். திருச்சபையில் அப்படி ஒரு விதி கிடையாது. 12 ஆண்டுகள் இரத்தப்போக்கால் துன்புற்ற பெண் இயேசுவின் ஆடையைத் தொட்டாள். அவர் அவளை ‘மகளே’ என்று கூப்பிட்டார். மாற்கு 5-ஆம் அதிகாரத்தை வீட்டில் சத்தமாக வாசியுங்கள்.

சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் வெறும் வயிற்றோடு பூசைக்கு வந்து மயங்குவதையும் பார்த்திருக்கிறேன். நள்ளிரவு முதல் உண்ணாமல் இருக்கும் பழைய விதி மாறி, 1964 முதல் ஒரு மணி நேர உபவாசம்தான். தண்ணீரும் மருந்தும் அதில் சேராது. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை.

நற்கருணைக்கு முன் நாம் எல்லோரும் சேர்ந்து, “நீர் எனது இல்லத்தில் எழுந்தருள நான் தகுதியற்றவன்” என்று சொல்கிறோம். சொல்லிவிட்டு எழுந்து போய் வாங்கவும் செய்கிறோம். தகுதி வந்த பிறகு போவதாக இருந்தால் அந்தச் செபத்துக்கே வேலையில்லை.

“என்னத்தச் சொல்றது, அதே பாவந்தானே”

தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்று பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் 1580-இல் கொண்டுவந்தார். அத்தனை காலமாக இதைச் செய்துவரும் நம்மில் பலர், 45 வயதிலும் புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) முன் கற்ற பட்டியலையே ஒப்பிக்கிறோம். பொய் சொன்னேன், கோபப்பட்டேன், ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. தம்பியோடு மூன்று வருஷமாகப் பேசாமலிருப்பது அதில் வராது. வேலைக்காரம்மாவுக்குச் சம்பளம் இழுத்தடிப்பதும் வராது. இன்னொரு பழக்கம், மாமியார் செய்த பாவங்களை நாம் போய்ச் சொல்வது.

ஆன்ம சோதனை என்பது அந்தப் பட்டியலைத் தாண்டி நம் வீட்டுக்குள், பணப்பைக்குள், கைப்பேசிக்குள் போய்ப் பார்ப்பது. மன்னிப்புக் கிடைத்ததும் கணக்கு முடிந்தது என்றும் இருக்க முடியாது. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரைச் சரிசெய்ய வேண்டும். பரிகாரமாக மூன்று ‘அருள்நிறைந்த மரியே’ செபம் சொன்னதால் தம்பியின் சொத்துப் பங்கு நம்முடையதாகிவிடாது.

திரும்ப அதே பாவத்தைச் செய்வேன் என்ற பயத்தில் போகாமலிருப்பவர்களும் நிறைய. இனி ஒருநாளும் விழமாட்டேன் என்ற உத்தரவாதத்தை அங்கே யாரும் கேட்பதில்லை. விடவேண்டும் என்ற உண்மையான மனம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாமி வெளியே சொல்லிவிடுவாரோ என்றும் பயப்பட வேண்டாம். எந்தக் காரணத்துக்காகவும், தம் உயிரே போவதாக இருந்தாலும், அவர் சொல்லக் கூடாது. அப்படி நேரடியாக வெளியிடும் குருவுக்குத் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவதே தண்டனை.

ரொம்ப வருஷம் ஆகிவிட்டதா? பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மனஸ்தாப மன்றாட்டு மறந்துபோயிருக்கும், எப்படித் தொடங்குவது என்றும் தெரியாது. முழங்கால் போட்டதும் அதையே சொல்லுங்கள்: “சாமி, பாவசங்கீர்த்தனம் பண்ணி இருபது வருஷம் ஆச்சு. எல்லாம் மறந்துட்டேன், நீங்கதான் சொல்லித் தரணும்.” மீதியை அவர் கேட்டுக் கேட்டு நடத்திக்கொள்வார். பெரும்பாலான பங்குகளில் பூசைக்கு அரை மணி நேரம் முன்பு போனால் சாமியைப் பார்க்கலாம்.