புல்டாக் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: "அது அப்படித்தான்" என்ற சொல்லிலிருந்து

சேலம் அஸ்தம்பட்டியில் என் மைத்துனர் வீட்டில் ஆறு வயதுப் புல்டாக் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் மாதப் பிற்பகலில் அந்த வீட்டுக்குள் நுழைகிறவருக்கு நாய் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் மூச்சு காதில் விழுந்துவிடும். மொசைக் தரையில் வயிற்றை ஒட்டவைத்து, பின்கால்களைத் தவளை போலப் பரப்பி, தாடையை மட்டும் ஒரு ரப்பர் செருப்பின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு அது படுத்திருக்கும். வருகிறவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். "புல்டாக்னா அப்படித்தான் மாமா இருக்கும்" என்று மைத்துனரும் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் அந்தச் செருப்பு தலையணை அன்று. தாடையை உயர்த்திக் கழுத்தை நீட்டினால்தான் தொண்டை திறந்து காற்று உள்ளே போகிறது என்பதை நாய் தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தது. இந்த இனத்தை வளர்ப்போர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த "அப்படித்தான்" என்ற ஒரு சொல்லிலிருந்து கிளைப்பவை.

முதல் தவறு வரலாற்றைப் பற்றியது. புல்டாக் காளையோடு மோதுவதற்காகவே உருவான நாய் என்றும், மூக்கு பின்னுக்குத் தள்ளியிருப்பதால் காளையைக் கவ்வியபடியே அதனால் மூச்சு விட முடிந்தது என்றும், முக மடிப்புகள் வழியே இரத்தம் வடிந்துவிடுவதால் அது கண்ணில் படாது என்றும் ஒரு கதை நாய் விற்பவர்கள் எல்லோரிடமும் உண்டு. கதையின் முதல் பாதி சரி. இங்கிலாந்தில் காளையைக் கம்பத்தில் கட்டி வைத்து, அதன் மூக்கைக் கவ்வ நாய்களை ஏவிவிடும் கொடூரமான கேளிக்கை நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. (ஆத்தூர்ப் பக்கம் கூலமேட்டு ஜல்லிக்கட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அந்த இங்கிலாந்துக் கேளிக்கையில் காளை ஓட வழியே இல்லை.) 1835இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விலங்குவதைத் தடைச் சட்டத்தால் அதை நிறுத்தியது. இன்று நாம் காணும் முகமோ அந்தத் தடைக்குப் பின்னால் வந்தது. கிரிப், ரோசா என்ற இரண்டு புகழ்பெற்ற புல்டாக்குகளின் 1817ஆம் ஆண்டுச் சித்திரத்தைப் பார்த்தால், நீண்ட கால்களும் தெளிவாக வெளியே நீளும் முகவாயும் கொண்ட, ஓடக்கூடிய நாய்கள்தாம் தெரிகின்றன. வேலை போன நாய்க்குக் கண்காட்சி மேடை கிடைத்தது. 1860களில் இனத்துக்கான இலக்கணம் எழுதப்பட்டது. 1873இல் லண்டனில் நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் தொடங்கியது. அகன்ற தலைக்கும் குட்டையான முகத்துக்கும் பரிசு கிடைக்கக் கிடைக்க, வளர்ப்போர் தலைமுறைதோறும் அவற்றையே தேர்ந்தெடுத்து இணை சேர்த்தார்கள். ஆகவே இந்த முகத்தைக் காட்டி "இயற்கை அப்படிப் படைத்தது" என்று சொல்வது பொருந்தாது. அதைப் படைத்தது பரிசுக் கோப்பை.

அந்தத் தேர்வின் விலையை ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2016இல், இந்த இனத்துக்குள் மரபணு வேறுபாடு மிகக் குறைவு என்றும், உள்ளிருந்தே தேர்ந்தெடுத்து இதைச் சீர்ப்படுத்துவது கடினம் என்றும் எழுதினார்கள். லண்டன் ராயல் வெட்டரினரி கல்லூரி 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக் காலத்தில் ஏதேனும் ஒரு நோய் கண்டறியப்படும் வாய்ப்பு மற்ற நாய்களைவிடப் புல்டாக்குக்கு இரண்டு மடங்கு என்று தெரிந்தது. மடிப்புகளில் வரும் தோல் அழற்சி 38 மடங்கு; குறுமுகத்தால் வரும் மூச்சுத்தடை 19 மடங்கு. அதே கல்லூரியின் இன்னொரு கணக்கு, பிறக்கும் புல்டாக் குட்டியின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பை 7.39 ஆண்டுகள் என்கிறது. மைத்துனரின் நாய்க்கு வயது ஆறு என்று மேலே சொன்னதை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்கலாம்.

இரண்டாவது தவறு, மூச்சு ஒலியைச் செல்லக் குறும்பாக எடுத்துக்கொள்வது. நான் கண்டவற்றுள் மிகப் பரவலானதும் மிகத் தீங்கானதும் இதுதான். மண்டையோட்டின் முகப்பகுதி சுருங்கியிருந்தாலும் அதற்குள் இருக்கும் மென்மையான தசைகள் அதே அளவுக்குச் சுருங்கவில்லை. நீளமான அண்ணம் தொண்டைக்குள் தொங்குகிறது, நாசித் துவாரங்கள் கீறல் போலக் குறுகியிருக்கின்றன, பல நாய்களில் மூச்சுக்குழாயே சிறுத்திருக்கிறது. இதன் வழியே காற்றை இழுப்பது மெல்லிய ஸ்ட்ராவால் கட்டித் தயிரை உறிஞ்சுவதற்குச் சமம். ஆண்டுக்கணக்கில் அப்படி இழுப்பதால் குரல்வளையின் சுவரும் உள்நோக்கி வளைந்து நிலைமை இன்னும் மோசமாகிறது. பிரிட்டனில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், மூச்சுத்தடையின் அறிகுறிகள் தெளிவாக இருந்த நாய்களின் உரிமையாளர்களில் 58 சதவீதம் பேர் தம் நாய்க்கு மூச்சுப் பிரச்சினையே இல்லை என்று பதில் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த ஒலி அவர்களுக்குப் பழகிவிட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வகுத்த சோதனை முறையில், நாயை மூன்று நிமிடம் துள்ளுநடையில் ஓட்டி, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, மூச்சுத்தடையின் கடுமையைப் பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை தரம் பிரிக்கிறார்கள். தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது, உட்கார்ந்தபடியே தூங்குவது, சாப்பிட்டதை அப்படியே கக்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாசியை அகலப்படுத்தி அண்ணத்தைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சையை இளவயதிலேயே செய்தால் பலன் கூடுதல்.

மூன்றாவது, சேலத்து வெயிலைச் சாதாரணமாக எண்ணுவது. நாய்க்கு மனிதரைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் ஈரம் ஆவியாகித்தான் அதன் உடல் குளிர்கிறது. அந்தப் பாதையே அடைபட்ட நாய் வேகமாக மூச்சிரைக்கும்போது, தசைகளின் உழைப்பால் உள்ளே சூடு ஏறுகிறதே தவிர இறங்குவதில்லை. எனவே மார்ச் முதல் ஜூன் வரை நடைப்பயிற்சியைக் காலை ஆறரை மணிக்குள் முடித்துவிட வேண்டும். தார்ச்சாலை மாலை ஏழு மணிக்கும் சுடும் என்பதைப் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பார்த்தே அறியலாம்.

இந்த இடத்தில் சேலத்துக்காரர்கள் செய்யும் தனித் தவறு ஒன்று உண்டு: "ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனால் சரியாகிவிடும்" என்பது. மலை மேல் ஏழெட்டு டிகிரி குறைவு என்பது உண்மை. ஆனால் அடிவாரத்தில் போண்டாவையோ பிஸ்கட்டையோ ஊட்டிவிட்டு, ஜன்னல் மூடிய வண்டியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், எளிதில் கக்கும் இயல்புள்ள இந்த நாய் வாந்தி எடுத்து, அது மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரல் அழற்சியில் முடியக்கூடும். மேலே மூடுபனி இறங்கும் நாளில் காற்றில் ஈரம் மிகுதி. ஈரக் காற்றில் நாக்கின் ஈரம் விரைவில் ஆவியாகாது. குளிர்கிறதே என்று லேடீஸ் சீட் காட்சிமுனை வரை நடத்திக் கூட்டிப்போகும் அன்பர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஏரிக்கரையிலும் கவனம் தேவை. முன்பாரம் மிகுந்த இந்த உடல் நீந்துவதற்கு ஏற்றதன்று. தண்ணீரில் விழுந்தால் தலை முதலில் மூழ்கும்.

வெப்பத் தாக்குதல் வந்தால் செய்யும் முதலுதவியிலும் பிழை நேர்கிறது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அது 40ஐத் தாண்டி, ஈறு செங்கல் நிறமாகவோ நீலமாகவோ மாறி, கால் தள்ளாடினால், ஈரத் துண்டைப் போர்த்தி வைக்கக் கூடாது. சிறிது நேரத்தில் அந்தத் துண்டே சூடாகி வெப்பத்தை உள்ளே பூட்டிவிடும். குழாய்த் தண்ணீரை உடலெங்கும் தொடர்ந்து ஊற்றி, மின்விசிறியை முகத்தைவிட உடம்பின் மீது படும்படி வைக்க வேண்டும். வாயில் தண்ணீரைப் புகட்டக் கூடாது. முதலில் குளிர்வித்தல், அடுத்தே மருத்துவமனைக்கு வண்டி.

தோல், கண் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மடிப்புகளில் குழந்தைப் பவுடரைத் தூவினால், அது ஈரத்தோடு சேர்ந்து பசையாகி நாற்றமெடுக்கும். துடைத்து உலரவைப்பதே போதும். திருகுவாலின் அடியில் உள்ள குழியைப் பலர் பார்ப்பதே இல்லை. கண்ணின் உள்மூலையில் சிவப்பு மொட்டுப் போல எழும் செர்ரி ஐயை "வெட்டி எடுத்துவிட்டால் போச்சு" என்பது பழைய ஆலோசனை. அது கட்டி அன்று, இடம் பெயர்ந்த கண்ணீர்ச் சுரப்பி. அதை வெட்டினால் பின்னாளில் கண் வறண்டுபோகும், ஆகவே உள்ளே தள்ளித் தைப்பதே முறை. எடையைப் பற்றி எங்கள் வீடுகளில் பேசுவதே வீண். ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 23 கிலோ என்பது பிரிட்டிஷ் இலக்கணம். மைத்துனர் வீட்டில் பாட்டி வைக்கும் நெய்ச் சோற்றுக்கு அந்த இலக்கணம் தெரியாது. ஏறும் ஒவ்வொரு கிலோவும் தொண்டையைச் சுற்றியும் படிகிறது.

அடுத்தது, குட்டி போடவைத்து, போட்ட பணத்தை எடுத்துவிடலாம் என்ற கணக்கு. குட்டியின் தலை பெரியது, தாயின் இடுப்பெலும்பு குறுகியது. பிரிட்டனில் 2010இல் வெளிவந்த ஆய்வில் புல்டாக் ஈற்றுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் சிசேரியன் மூலமே நிகழ்ந்திருந்தன. நள்ளிரவில் வலி எடுத்தால் அறுவை செய்யும் வசதியும் மயக்க மருந்து கொடுக்கும் அனுபவமும் உள்ள இடம் எது என்று தெரியாமல் இணை சேர்ப்பது தாயின் உயிரை வைத்து ஆடும் சூதாட்டம். நார்வேயில் இந்த இனப்பெருக்கமே சட்டத்துக்கு உட்பட்டதா என்ற வழக்கு 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. புல்டாக்கைத் தொடர்ந்து வளர்க்க அனுமதி கிடைத்தது, கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்ற இன்னொரு நாய் இனத்துக்குக் கிடைக்கவில்லை.

பெயர்க் குழப்பமும் உண்டு. தமிழ்நாடு அரசின் 2024ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கை, வளர்த்துப் பெருக்கக் கூடாதவை என்று சுட்டிய பட்டியலில் பிரெஞ்சு புல்டாக்கும் பக் என்ற குறுமுக நாயும் இருந்தன. அதே ஆண்டு மார்ச்சில், ஆபத்தான நாய் இனங்களைத் தடுக்கச் சொல்லி மத்திய அரசு அனுப்பி, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்த சுற்றறிக்கையில் இருந்தது அமெரிக்கன் புல்டாக். நாம் இங்கே பேசும் ஆங்கிலப் புல்டாக், பிரெஞ்சு புல்டாக், அமெரிக்கன் புல்டாக் மூன்றும் வெவ்வேறு இனங்கள். விற்பவர் "புல்டாக்" என்று மட்டும் சொன்னால் எந்தப் புல்டாக் என்று கேட்க வேண்டும்.

வாங்கும்போது காகிதத்தை நம்பி முடிவு செய்வதும் தவறே. வம்சாவளிச் சான்றிதழ் நாயின் பெற்றோர் யார் என்று சொல்லுமே அன்றி, அவை எப்படி மூச்சு விட்டன என்று சொல்லாது. 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. தாயை நேரில் காட்டச் சொல்லி, மூன்று நிமிடம் நடக்கவிட்டு அதன் மூச்சொலியைக் கேளுங்கள். "அம்மா வேறு ஊரில் இருக்கிறாள்" என்று பதில் வந்தால் திரும்பிவிடுங்கள்.

இறுதியாக, எந்த அறுவைச் சிகிச்சையானாலும் ஆபத்து மேசையிலேயே முடிந்துவிடுவதில்லை. மயக்கம் பாதி தெளிந்த நிலையில் மூச்சுக்காகத் தொண்டைக்குள் செருகிய குழாயை எடுத்துவிட்டால் அண்ணம் சரிந்து மூச்சை அடைத்துவிடும். புல்டாக் தானாகத் தலையைத் தூக்கி, விழுங்கத் தொடங்கும்வரை குழாய் இருக்க வேண்டும், பக்கத்தில் ஓர் ஆளும் இருக்க வேண்டும். அதை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொண்டுதான் மைத்துனர் கடந்த டிசம்பரில் தம் நாயின் நாசித் துவாரங்களை அகலப்படுத்தக் கையெழுத்துப் போட்டார். நான்கு மணி நேரம் அதன் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இப்போதும் அது குறட்டை விடுகிறது. ஆனால் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது.